கண்மணி வைத்த கிண்ணங்கள்

ரசத்தைச் சோற்றில் பிசைந்த அடுத்த நொடி சேனாபதி "ஸ்ஸ்... ஆ!" என்று கையை உதறினார். மிளகும் புளியும் விரல் வெடிப்புகளுக்குள் இறங்கி எரித்தன. உதறிய வேகத்தில் இரண்டு பருக்கைகள் பறந்து, எதிரே உட்கார்ந்திருந்த மகள் ரோஷினியின் போன் மேல் ஒட்டிக்கொண்டன.

"அப்பா! க்ராஸ்!" என்று அருவருப்போடு முகம் சுளித்தாள் ரோஷினி.

அடுப்பருகே நின்றிருந்த கண்மணி திரும்பினாள். கணவரின் கையைப் பார்த்தாள். முகத்தைப் பார்க்கவில்லை, கையை மட்டும். பார்த்துவிட்டு அடுப்பைத் துடைக்கத் திரும்பிக்கொண்டாள்.

சேனாபதிக்கு எரிச்சல் மறந்துபோனது. அவர் உடம்பில் எந்தப் பாகத்தையும் அவள் ஏறெடுத்துப் பார்த்து மாதக்கணக்கில் ஆகியிருந்தது.

மரமெல்லாம் சிவந்து இலை கொட்டத் தொடங்கிய சமயத்தில், கோபிச்செட்டிபாளையத்தில் கண்மணியின் அப்பா படுக்கையில் விழுந்தார். கிரீன் கார்டு மனு அப்போது பாதியில் நின்றது. ஊருக்குப் போனவர்கள் திரும்பி வர முடியாமல் மாட்டிக்கொண்ட கதைகளை அவர்கள் குடியிருக்கும் எடிசனில் எந்தப் பிறந்தநாள் விருந்துக்குப் போனாலும் கேட்கலாம்.

"ஏங்க, நான் கிளம்பணும்" என்றாள் கண்மணி.

"போலாம் கண்மணி. லாயர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாம். வெளிய போயிட்டு உள்ள வர முடியலன்னா ரோஷினி ஸ்கூல் என்ன ஆகும்? நாளைக்குச் சொல்லிடுவாரு."

லாயர் நாளைக்குச் சொல்லவில்லை. அடுத்த நாளும் சொல்லவில்லை. ஒரு வழியாக அவர் போன் செய்து, "தாராளமா போயிட்டு வரலாமே, பேப்பரெல்லாம் சரியாத்தான இருக்கு" என்றபோது, கண்மணி சர்க்கரை டப்பா மேல் சாய்த்து வைத்த போனில் தன் தம்பி அப்பாவுக்குக் கொள்ளி வைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு அவள் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் தேவலை என்று சேனாபதி பலமுறை நினைத்ததுண்டு. சமைப்பாள், மேஜையில் வைப்பாள், நகர்ந்துவிடுவாள். சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தால் ரோஷினி வழியாக வரும்.

"வாட்டர் ஃபில்டர் மாத்தணும்னு அப்பாகிட்ட சொல்லு."

அப்பா அப்போது அந்த ஃபில்டருக்குப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருப்பார்.

"அம்மா, ஹி ஹேர்ட் யூ!" என்பாள் ரோஷினி.

மன்னிப்புக் கேட்கத் தெரியாத சேனாபதி, பாத்திரம் தேய்க்க ஆரம்பித்தார். வீட்டில் டிஷ்வாஷர் இருந்தது. ஆனால் குடி வந்த நாளிலிருந்து அது இட்லித் தட்டுகளும் பெரிய வாணலிகளும் வைக்கிற அலமாரியாகத்தான் உழைத்துவந்தது. அதைக் காலி செய்து ஓடவிட அவருக்கு மனம் வரவில்லை. மெஷின் தேய்த்தால் அது தண்டனை ஆகுமா? கையுறை போட்டாலும் ஆகாது. கொதிக்கக் கொதிக்க வெந்நீர், பச்சை நிற சோப்பு, வெளியே பனி, உள்ளே காற்றை வறுத்தெடுக்கும் ஹீட்டர். தை பிறப்பதற்குள் அவர் விரல்கள் தண்ணீர் வற்றிய ஏரியின் அடிமண்போல் ஆகிவிட்டன.

ரசத்தில் கை எரிந்த அன்று பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது ரோஷினி இருமியபடி வந்தாள்.

"அப்பா, உங்க கைக்கு என்ன ஆச்சுன்னு அம்மா கேட்டாங்க."

சேனாபதியின் கையிலிருந்த கரண்டி நழுவியது. "அம்மாவா? அவளா கேட்டா?"

"யா. என்ன சொல்லணும்?"

"ஒண்ணுமில்லன்னு சொல்லு. இல்ல, இரு. கொஞ்சம் வெடிச்சிருக்குன்னு சொல்லு. வலிக்குதுன்னு சொல்லாத. வேண்டாம், லேசா வலிக்குதுன்னு சொல்லு."

"ஓகே, வாட்எவர்" என்று அவள் போய்விட்டாள்.

மறுநாள் காலை, சிங்க்குப் பக்கத்தில் ஓர் எவர்சில்வர் கிண்ணம் இருந்தது. வெதுவெதுப்பான தேங்காய் எண்ணெய். கற்பூர வாசனை. பாத்திரம் தேய்க்க வருகிறவன் கண்ணில் படட்டும் என்றே வைத்ததுபோல் சோப்பு பாட்டிலை ஒட்டி இருந்தது.

சேனாபதி கிண்ணத்தை எடுத்து முகர்ந்து பார்த்தார். தன் கைக்கு மருந்து.

இரண்டு கையையும் முக்கி எடுத்து, விரல் இடுக்கு விடாமல் தேய்த்துக்கொண்டார். சற்று நேரம் சுகமாக இருந்தது. பிறகு கற்பூரம் வெடிப்புக்குள் புகுந்து தன் வேலையைக் காட்டியது. அவர் ஒற்றைக் காலில் குதித்தார். கையை ஊதினார். ஊத ஊத அதிகமாக எரிந்தது. முழங்கையால் பின்கதவைத் திறந்து, வெளியே படியில் குவிந்திருந்த பனிக்குள் இரண்டு கையையும் செருகிக்கொண்டு உட்கார்ந்தார். எதிர்வீட்டு வெள்ளைக்காரர் நாயோடு நின்று பார்த்துவிட்டு, நாயைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

திரும்பிப் பார்த்தால் கண்மணி மாடிப்படியில் நின்றுகொண்டிருந்தாள். அவர் பார்த்ததும் சட்டென்று திரும்பி ஏறி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஆபீசில் மதியச் சாப்பாட்டின்போது, பக்கத்து இருக்கைக்காரரான சபரிநாதனிடம் இதைச் சொன்னார். சபரிநாதன் ஈரோட்டுக்காரர். இந்தக் குடும்பத்தின் மௌனம் முழுவதும் தெரிந்த ஒரே வெளியாள்.

"அட, மருந்து வெச்சிருக்குதுங்களா தங்கச்சி! அப்புறமென்னங்க, பாதி மன்னிச்சாச்சுன்னு அர்த்தம்."

"பயங்கரமா எரிஞ்சுதுங்க."

"எரியத்தான் எரியும். உள்ள வேலை செய்யுதில்ல? நீங்க பாட்டுக்கு எரியுதுன்னு விட்டுப்போடாதீங்க. மருந்தைத் தொடலைன்னா அது மனசு என்ன பாடுபடும்?"

சேனாபதி விடவில்லை. அந்த எண்ணெயை மூன்று வேளையும் பூசித் தீர்த்தார். கிண்ணத்தைக் கழுவி, துடைத்து, அதே இடத்தில் வைத்தார். கை வீங்கியது.

இரண்டு நாள் கழித்து அடுத்த கிண்ணம் வந்தது. பிழிந்த எலுமிச்சை மூடிகள், மேலே உப்பும் சோடா மாவும் தூவியிருந்தன. இதென்ன வைத்தியம் என்று அவர் சிறிது நேரம் யோசித்தார். அழகு நிலையத்துப் பெண்கள் வீடியோவில் இப்படித்தான் எதையோ வைத்துத் தேய்க்கிறார்கள். செத்த தோலை எடுத்துவிட்டால்தானே மருந்து உள்ளே போகும்? கண்மணி யோசிக்காமல் செய்ய மாட்டாள்.

மூடியை எடுத்து உள்ளங்கையில் வைத்து ஒரு சுற்றுத் தேய்த்தார்.

அவர் போட்ட சத்தத்தில் மாடியிலிருந்து ரோஷினி, "வாட் ஹாப்பன்ட்?" என்று கத்தினாள்.

"ஒண்ணுமில்ல கண்ணு! அம்மா... மருந்து..." ஃப்ரீசரைத் திறந்து பட்டாணிப் பாக்கெட்டைக் கட்டிக்கொண்டு சமையலறையைச் சுற்றிச் சுற்றி நடந்தார்.

வாசற்படி வரை வந்த கண்மணி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு மேலே ஓடினாள். கதவு சாத்திய பிறகு உள்ளேயிருந்து ஒரு சத்தம். அமுங்கிய, மூச்சு முட்டுகிற, விட்டுவிட்டு வரும் சத்தம். சேனாபதி பட்டாணியை மார்போடு அணைத்தபடி படியடியில் நின்று கேட்டார். அப்பா இறந்த அன்றுகூட அவள் இப்படி அழவில்லை. அன்றைக்கு அவள் கண்ணிலிருந்து ஒரு சொட்டு வரவில்லை. இப்போது தன் கைக்காக அழுகிறாள்.

கதவைத் தட்டலாமா என்று ஒரு கால் படியில் வைத்தார். தட்டி என்ன சொல்வது? காலை எடுத்துவிட்டார்.

மூன்றாவதாக வந்தது மருதாணி. அதன் வாசனை அவருக்குத் தெரியும். பித்தவெடிப்புக்குக் காலில் அப்புவார்கள், குளிர்ச்சி. டீத்தண்ணீரில் குழைத்து, இரும்புச் சட்டியில் கூழாக இருந்தது. ஒரு ஞாயிறு மதியம் முழுக்கக் கையில் அப்பிக்கொண்டு, சோபாவில் இரண்டு கையையும் வரம் கொடுக்கிற சாமிபோல் தூக்கி வைத்தபடி உட்கார்ந்திருந்தார். முதல்முறையாக எரியவில்லை. மெல்லக் குளிர்ந்தது. கண்மணி அந்தப் பக்கம் இரண்டு முறை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். அவருக்குக் கண் கலங்கியது.

கழுவியபோதுதான் தெரிந்தது, கூழில் வேறு ஏதோ கலந்திருக்கிறது. கை சிவக்கவில்லை. மணிக்கட்டு வரை கறுத்துவிட்டது. சாதாரணக் கறுப்பில்லை, டயர்க் கறுப்பு. சோப்புக்கும் போகவில்லை, டர்பன்டைனுக்கும் போகவில்லை. டர்பன்டைன் எரிந்தது மட்டும் மிச்சம்.

அன்று சாயங்காலம் கண்மணியின் தலைமுடியும் கருகருவென்று இருந்தது. மிச்சத்தை வீணாக்காமல் தலையில் தடவிக்கொண்டாள் போலிருக்கிறது என்று சேனாபதி நினைத்துக்கொண்டார். சிக்கனமான பெண்.

மறுநாள் ஆபீசுக்கு மேலதிகாரி ஒருத்தி வெளியூரிலிருந்து வந்திருந்தாள். ஆட்குறைப்புப் பட்டியலோடு வந்திருக்கிறாள் என்று பேச்சு. சேனாபதி கோட்டுப் பைக்குள் கையை விட்டபடியே கூட்டத்துக்குப் போனார். அவள் கை குலுக்க நீட்டினாள். அவர் குனிந்து தலையை மட்டும் ஆட்டினார். ஆனால் திரையில் தன் வேலையைக் காட்டுகிற முறை வந்தபோது மவுசைப் பிடிக்காமல் முடியவில்லை. வீங்கி, வெடித்து, அடுப்புக்கரியில் செய்ததுபோன்ற கையொன்று பையிலிருந்து வெளியே வந்ததும், அந்த அறையில் பேச்சு நின்றது.

"ஓ மை காட். உன் கைக்கு என்ன ஆயிற்று?" என்று அவள் ஆங்கிலத்தில் கேட்டாள்.

சேனாபதிக்கு அதை மறைக்கத் தோன்றவில்லை. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. "மை வைஃப் டிட் திஸ்" என்றார்.

கால் மணி நேரத்தில் அவரை ஒரு சின்ன அறைக்குக் கூப்பிட்டார்கள். மனிதவளப் பிரிவுப் பெண் கதவைச் சாத்திவிட்டு, டிஷ்யூப் பெட்டியை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"உங்கள் வீட்டில் நீங்கள் பாதுகாப்பாக இருக்கிறீர்களா?"

"ரொம்பப் பாதுகாப்பாக இருக்கிறேன்."

"உங்கள் மனைவி எத்தனை நாளாக இப்படிச் செய்கிறார்?"

"இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறாள். அதற்கு முன் பேசவே மாட்டாள். இப்போது காலையில் ஒரு கிண்ணம் வைக்கிறாள். அதைப் போட்டால் எரியும். நான் கத்துவேன். அவள் அறைக்குள் போய் அழுவாள்." சொல்லிக்கொண்டே அவர் ஒரு டிஷ்யூவை உருவிக்கொண்டார். "அவளுக்கு என் மேல் இன்னும் அன்பு இருக்கிறது, மேடம்."

அந்தப் பெண் அவர் முகத்தை நெடுநேரம் இரக்கத்தோடு பார்த்தாள். "எல்லோரும் இப்படித்தான் சொல்வார்கள்" என்று மெல்லச் சொல்லி, உதவி எண் அச்சிட்ட ஓர் அட்டையை அவர் கோட்டுப் பையில் செருகினாள். போலீசைக் கூப்பிடட்டுமா என்றும் கேட்டாள். அவர் அந்தக் கறுத்த கைகளைக் கூப்பி, வேண்டாம் என்று கெஞ்ச வேண்டியதாயிற்று. டாக்டரைப் பார்க்காமல் ஆபீஸ் பக்கம் வரக்கூடாது, அதுவரை வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார்கள்.

தோல் டாக்டர் அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எதையெல்லாம் பூசினீர்கள் என்று கேட்டுவிட்டு, பதிலின் பாதியிலேயே கண்ணை மூடிக்கொண்டாள்.

"சீழ் பிடிக்க ஆரம்பித்துவிட்டது. இந்த ஆயின்மென்ட் மட்டும்தான். இன்னொரு கிண்ணத்தைத் தொட்டீர்களென்றால் ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டிவரும். புரிகிறதா?"

புரிந்தது. வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு சேனாபதி இறங்காமல் உட்கார்ந்திருந்தார். வானம் ஈயப் பாத்திரம்போல் கிடந்தது. டியூபைக் கையில் வைத்துக்கொண்டு சபரிநாதனுக்குப் போன் போட்டார்.

"ஏனுங்க, டாக்டர் எல்லாத்தையும் நிறுத்தச் சொல்லிட்டாங்க."

"நிறுத்திப்போட்டா தங்கச்சி என்னங்க நினைக்கும்? இத்தனை மாசம் கழிச்சு ஒரு கை நீட்டுது, அதைத் தட்டிவிட்ட மாதிரி ஆயிடாது?"

"கை போயிடும்ங்கறாங்க."

"நான் எதுவும் சொல்றதுக்கில்லீங்க. கை முக்கியமா, கண்மணி முக்கியமான்னு நீங்கதான் பார்த்துக்கோணும்."

சேனாபதி உள்ளே போனார். கீழே பேஸ்மென்டில் துணி துவைக்கும் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. கண்மணி அங்கே இருக்கிறாள் என்று அர்த்தம். சிங்க்குப் பக்கத்தில் புதிய கிண்ணம் ஒன்று இருந்தது.

இந்த முறை வெள்ளை மாவு. பால்பவுடரின் தித்திப்பு வாசனையோடு, சீம்பால் கட்டிபோல் மெத்தென்று இருந்தது. பாதியை அழகாகச் சின்னச் சின்ன உருண்டையாக உருட்டிக்கூட வைத்திருந்தாள். எரிகிற மருந்தாக வைத்துவிட்டோமே என்று மனசு கேட்காமல், இதமான ஒன்றாகத் தேடிச் செய்திருக்கிறாள். ஒரு விரலுக்கு ஓர் உருண்டை போலிருக்கிறது.

ஒரு கையில் டியூப். எதிரே கிண்ணம்.

அன்றைக்கும் இப்படித்தான் என்று அவருக்குத் தோன்றியது. அவள் போக வேண்டும் என்றாள். போ என்று சொல்லியிருக்க வேண்டியவன், லாயரைக் கேட்போம் என்றான். இன்றைக்கு அவள் ஒரு கிண்ணம் வைத்திருக்கிறாள். இவன் டாக்டரைக் கேட்டுக்கொண்டு வந்து நிற்கிறான். விவரம் தெரிந்தவர்களைக் கேட்டுக் கேட்டே பெண்டாட்டியின் அப்பாவை அவள் கண்ணில் காட்டாமல் அனுப்பிய மனுஷன். இந்த முறை யாரையும் கேட்பதாக இல்லை. சீழ் பிடித்தால் பிடித்துவிட்டுப் போகட்டும்.

டியூபைக் குப்பைத் தொட்டியில் போட்டார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். மாவை ஒரு கொத்தாக அள்ளி எடுத்தார்.

"அப்பா, ஸ்டாப்!"

ரோஷினி நாலு படியை ஒன்றாகத் தாண்டி ஓடிவந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "கீழ போடுங்க! டோன்ட் டச் தட்! அது கரப்பான்பூச்சிக்கு! போரிக் பவுடர் போட்டிருக்கு!"

சேனாபதி கையிலிருந்த மாவைப் பார்த்தார். "என் கைக்கு வெச்சது இல்லையா?"

"உங்க கைக்கா? நோ! சிங்க் அடியில வெக்கிறதுக்கு. அம்மா உருட்டிக்கிட்டு இருந்தாங்க, வாஷர்ல துணி போடறதுக்குக் கீழ போயிருக்காங்க."

"அப்ப மருதாணி?"

"அம்மாவோட ஹேர் டை."

"எலுமிச்சம்பழம்?"

"சிங்க் தேய்க்க எடுத்து வெச்சது."

அவர் குரல் இறங்கிவிட்டது. "அந்த முதல் கிண்ணம்... கற்பூர எண்ணெய்?"

"எனக்கு இருமல் இருந்துச்சில்ல? நெஞ்சுல தடவிக்கச் சொல்லி வெச்சாங்க. நான் வந்து பார்க்கறதுக்குள்ள நீங்க காலி பண்ணிட்டீங்க."

சேனாபதி நாற்காலியை இழுத்து மெல்ல உட்கார்ந்தார். கறுத்த கைகள் மடியில் கிடந்தன. கீழே மெஷின் நின்றுபோயிருந்தது. கண்மணி ஈரத்துணியை உதறுகிற சத்தம் மட்டும் வந்தது.

"அப்ப அவ எனக்குன்னு ஒண்ணுமே வெக்கல" என்றார், தனக்குத்தானே சொல்வதுபோல. பிறகு தலையை நிமிர்த்தினார். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே கண்ணு? வந்து வந்து பார்த்தாளே. நான் துடிச்சதைப் பார்த்துட்டுத்தானே ரூமுக்குள்ள போய் அவ்வளவு அழுதா?"

ரோஷினி அவர் கையிலிருந்த மாவைச் சுரண்டிக் கிண்ணத்தில் போட்டாள். கீழே ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டு, எதைப் பேசினாலும் நடுவில் ஆங்கிலம் கலக்கிற பெண், அவர் காதருகே குனிந்து முழுக்கத் தமிழிலேயே சொன்னாள்:

"அம்மா அழலப்பா, தலகாணியில மூஞ்சிய அமுக்கிக்கிட்டுச் சிரிக்கறாங்க, தாத்தா போனதுக்கப்புறம் இப்பத்தான் சிரிக்கறாங்க, அதனால இதை மட்டும் விட்டுடுங்க, நாளைக்கு வேற ஏதாவது வெப்பாங்க, அதை எடுத்துப் பூசிக்கங்க."